உப்பை மாற்றிவிட்டாயா?

அன்புள்ள பாப்பாவுக்கு,

இங்கே எல்லோரும் நலம். சித்தி பெண்ணின் வளைகாப்புக்கு நீ வராததை யாரும் பெரிதாகக் கேட்கவில்லை. கேட்டவர்களிடம் லீவு கிடைக்கவில்லை என்று சொல்லிவிட்டேன்.

ஓசூர் வீட்டில் இப்போது இந்துப்புதான், கடல் மீனையும் நிறுத்தியாச்சு என்றார் மாப்பிள்ளை. அதிலிருந்து எனக்குத் தூக்கமில்லை. தொழிற்பேட்டைக் காற்று அடிக்கிற நாளில் மூக்கைப் பொத்திக்கொண்டு பள்ளிக்கூடம் போனவள் நீ. கடலூர்த் தண்ணீரையும் கடலையும் நீ நம்பாததில் எனக்குக் குறையில்லை. ஆனால் அந்தப் பயத்தில் அயோடினையும் சேர்த்து விட்டுவிட்டாயே!

வீடு வீடாக உப்பைச் சோதித்தவள் உன் அம்மா. அடுப்படியிலிருந்து ஒரு சிட்டிகை வாங்கி, கிட் பாட்டிலிலிருந்து ஒரு சொட்டு விடுவேன். அயோடின் இருந்தால் ஊதா ஏறும். உப்பளத்திலிருந்து மூட்டையில் வரும் கல்லுப்பு வெள்ளையாகவே கிடக்கும். இந்துப்பிலும் ஊதா ஏறாது.

பெரியவர்களுக்கு ஒரு நாளைக்கு 150 மைக்ரோகிராம் அயோடின் வேண்டும். பிள்ளை உண்டாகியிருந்தால் 250. பொதுவாகத்தான் சொல்கிறேன். அயோடின் இருந்தால்தான் தைராய்டு சுரக்கும். முதல் மூன்று மாதம் வயிற்றுக் குழந்தைக்கு அந்தச் சுரப்பு தாயிடமிருந்துதான் போக வேண்டும். மூளை வளர அது வேண்டும்.

அப்புறம் உங்கள் போர் தண்ணீர். சுற்றிலும் ரோஜாத் தோட்டம், உரமாகக் கொட்டுகிறார்கள் என்று நீதானே சொன்னாய்? உரத்தின் நைட்ரேட் தண்ணீரில் இறங்கினால், தைராய்டுக்குள் அயோடின் நுழையவிடாமல் போட்டிக்கு நிற்கும். அயோடின் குறைந்தவர்களைத்தான் அது அதிகம் படுத்தும். காய்ச்சினால் போகாது, தண்ணீர் வற்ற வற்றக் கூடும். லிட்டருக்கு 45 மில்லிகிராமுக்கு மேல் இருந்தால் ஆர்.ஓ. வையுங்கள்.

எம்.எஸ்ஸி.யில் மெடல் வாங்கிய பெண் என்று தெருவெல்லாம் சொல்லிக்கொள்கிறேன். அவள் யூடியூப் பார்த்து உப்பை மாற்றலாமா? சரி, கோபமில்லை. அயோடின் உப்பு வாங்கு. மூடி போட்ட டப்பாவில், அடுப்பை விட்டுத் தள்ளி வை. குழம்பை இறக்கும்போது போடு. பால், முட்டையை விடாதே. கடற்பாசி மாத்திரை எதையும் நீயாக வாங்கிப் போடாதே, அளவு மீறினாலும் தைராய்டு கெடும். தைராய்டுக்கான ரத்தப் பரிசோதனை, டி.எஸ்.ஹெச்., பார்த்துவிடு.

போன வருஷம் நடந்ததற்கு உப்புதான் காரணம் என்று நான் சொல்லவில்லை. நீயும் அப்படி நினைக்கவே கூடாது, பாப்பா. யார் மேலும் தப்பில்லை.

உப்பை முதலில் மாற்று.

முதுநகர் மார்க்கெட்டில் நெத்திலிக் கருவாடு வாங்கி, மண் போக அலசி, மறுபடி காயவைத்துக் கூரியரில் போட்டிருக்கிறேன். வாசனை ஒத்துக்கொள்ளவில்லை என்றால் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்துவிடு. ஒத்துக்கொள்ளவில்லையா என்று மட்டும் எனக்கு ஒரு வரி எழுது.

அம்மா