ஒருமுறை வந்தால் உடம்பு பழகிவிடுமா?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

வெளிநாட்டு முகாம்களில் படைவீரர்களுக்கு வரும் வயிற்றுப்போக்கு பற்றிப் பேசும்போது, "ஒருமுறை வந்துவிட்டால் உடம்பு பழகிக்கொள்ளும்" என்பார்கள். பாதிதான் சரி.

வளைகுடாப் போருக்காக 1990இல் சவூதியில் இறங்கிய அமெரிக்க வீரர்களிடம் நடத்திய கணக்கெடுப்பில் 57 சதவீதம் பேருக்கு ஒருமுறையாவது வயிற்றுப்போக்கு வந்திருந்தது. முக்கியக் காரணம் நச்சு சுரக்கும் ஈ.கோலி, ஷிகெல்லா என்ற இரு பாக்டீரியாக்கள்.

இந்த ஈ.கோலியின் நச்சு இரண்டு வகை. வெப்பத்தில் சிதைவது பெரிய புரதம். அதற்கு உடல் நன்றாகவே எதிர்ப்பொருள் (அதைத் தடுக்கும் புரதம்) உண்டாக்கும். வெப்பம் தாங்குவதோ 20 அமினோ அமிலத்துக்கும் குறைந்த துணுக்கு. இயற்கைத் தொற்றில் நோயெதிர்ப்பு மண்டலம் அதைக் கண்டுகொள்வதே இல்லை எனலாம். கிருமி குடல்சுவரில் பற்றிக்கொள்ள உதவும் இழைகளும் பல வகை என்பதால், ஒரு வகைக்கான எதிர்ப்பொருள் இன்னொன்றிடம் பெரும்பாலும் பலிக்காது.

யாருக்குத் தொற்று வந்தது என்று ரத்தத்தில் பார்க்கும் பரிசோதனையிலும் சிக்கல் உண்டு. குடலில் காவல் நிற்பது ஐஜிஏ என்ற எதிர்ப்பொருள் வகை. ரத்தத்தில் அதன் அளவு நோய்க்குப் பின் ஏறி, சில மாதங்களில் இறங்கிவிடும். புறப்படும் முன் ஒன்று, திரும்பிய பின் ஒன்று என ரத்தம் எடுத்தால் நடுவில் வந்துபோன தொற்று பதிவாகாமலே போகலாம். தொற்றிய ஏழாம் நாள் வாக்கில் எதிர்ப்பொருள் சுரக்கும் செல்கள் ரத்தத்தில் தென்படும். அன்று எடுக்கும் மாதிரிதான் நிறையச் சொல்லும். போர்முனையில் யார் எடுப்பது என்பது வேறு கேள்வி!

தடுப்பு மருந்து என்றால், டுகோரல் என்ற காலரா தடுப்பு மருந்து உண்டு. அது கரைத்துக் குடிப்பது: பெரியவர்களுக்குக் குறைந்தது ஒரு வார இடைவெளியில் இரண்டு தவணை, முன்னும் பின்னும் ஒரு மணி நேரம் வெறும் வயிறு. அது ஈ.கோலியின் வெப்பத்தில் சிதையும் நச்சுக்கு மட்டும், அதுவும் குறுகிய காலத்துக்கே, ஓரளவு தடை போடும்.