விசிலுக்கு முன் எண்ண விடுங்கள்: ஊர்க் கால்பந்துப் போட்டி நடத்துபவர்களுக்கு ஒரு திறந்த மடல்

பொங்கலுக்கும் கோடை விடுமுறைக்கும் கோயில், சர்ச் திருவிழாக்களுக்கும் கால்பந்துப் போட்டி நடத்தும் குழுக்காரர்களுக்கும், அங்கே டீம் கூட்டிவரும் கோச்களுக்கும் வணக்கம்.

ஆஃப்சைடு, பெனால்டி பற்றிப் பேச இதை எழுதவில்லை. அதற்கு மைதானத்தைச் சுற்றி நிற்கிறவர்களே போதும். நான் சொல்ல வந்தது சப், அதாவது மாற்று ஆட்டக்காரரை, இறக்குவது பற்றி. இதில் என்ன இருக்கிறது, ஒருத்தன் போவான் ஒருத்தன் வருவான் என்று நீங்கள் நினைக்கிறீர்கள், ஆனால் ஊர்ப் போட்டிகளில் ரெஃப்ரியின் கையை மீறிப் போகிற இடங்களில் இதுதான் முக்கியமானது.

விதி சொல்லும் வரிசை எளிது. ஆட்டம் நின்றிருக்க வேண்டும், ரெஃப்ரிக்கு முன்கூட்டியே தெரிய வேண்டும், போகிறவர் கோட்டைத் தாண்டி வெளியே போக வேண்டும், அதன் பிறகு ரெஃப்ரி கை காட்டினால் புதியவர் நடுக்கோட்டருகே உள்ளே வரலாம். அவர் உள்ளே வந்தால்தான் மாற்றம் முடிந்ததாகக் கணக்கு. அப்புறம் விசில். த்ரோவுக்கும் கார்னருக்கும் சாதாரணமாக விசில் தேவையில்லை என்பது எல்லாருக்கும் தெரியும், ஆனால் இடையில் சப் நடந்திருந்தால் அதே த்ரோவுக்கும் விசில் அடித்துத்தான் ஆட்டத்தைத் தொடங்க வேண்டும் என்பது பாதிப் பேருக்குத் தெரியாது. அதனால்தான் விசிலுக்கு முன் எறிந்த பந்தைத் திரும்பக் கூப்பிட்டால் ரெஃப்ரிகளான எங்களிடம் சண்டைக்கு வருகிறார்கள்.

நம் மைதானத்தில் நடப்பது என்ன? கோச் வெளியிலிருந்து "ரெஃப்ரி, சேஞ்ச்!" என்று ஒரு குரல் கொடுப்பார், கொடுக்கும்போதே புதுப் பையன் உள்ளே பாதி தூரம் ஓடியிருப்பான், யாருக்குப் பதில் வந்தான் என்பது அவனுக்கே தெரியாது, வெளியே போக வேண்டியவன் தன்னைத்தான் கூப்பிட்டார்கள் என்று தெரியாமல் அந்தக் கோடியில் மார்க் பண்ணிக்கொண்டு நிற்பான், இதற்குள் மைக் பிடித்திருப்பவர் மாற்றத்தை அறிவித்தே முடித்துவிடுவார். சுற்றி நிற்கிற கூட்டம் "போடு, போடு" என்று கத்தும். நாங்கள் தலைகளை எண்ணிக்கொண்டிருப்போம்.

எண்ணாமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்கு ஜெர்மனியில் நடந்ததைப் பாருங்கள். 2022 ஏப்ரல் 2, அந்நாட்டின் முதல்நிலை லீக்கான பன்டஸ்லீகாவில் ஃப்ரைபர்க்கும் பயர்ன் மியூனிக்கும் ஆடிய ஆட்டம். பயர்ன் 3-1 என முன்னிலையில் இருந்தபோது இரண்டு பேரை மாற்றினார்கள். வெளியே போக வேண்டிய ஒருவருக்காகப் பலகையில் காட்டிய எண் 29. அது கிங்ஸ்லி கோமான் முன்பு போட்டிருந்த எண், அப்போது அவர் போட்டிருந்தது 11. எண் தனக்கில்லை என்று அவர் உள்ளேயே நின்றுவிட்டார், புதியவர்களும் வந்துவிட்டார்கள், ஆட்டமும் தொடங்கிவிட்டது. சில விநாடிகள் பயர்னுக்குப் பன்னிரண்டு பேர். ஃப்ரைபர்க் வீரர் ஒருவர் கவனித்துச் சொன்ன பிறகுதான் ஆட்டம் நின்றது. ஃப்ரைபர்க் ஆட்ட முடிவை எதிர்த்து முறையிட, ஜெர்மன் கால்பந்துச் சங்கத்தின் விளையாட்டு நீதிமன்றம் அதைத் தள்ளுபடி செய்தது. பெரும் தவறு நடுவர் குழுவுடையது, போகிறவர் போனாரா என்று பார்க்காமல் ஆட்டத்தைத் தொடங்கியிருக்கக் கூடாது என்பதுதான் காரணம். ஆக, எண்ணைத் தப்பாகக் காட்டியவர்கள் வேறு, பழி வந்தது ரெஃப்ரிக்கு. நான்காவது நடுவரும், வீடியோ பார்த்துச் சொல்லும் விஏஆர் அறையும் இருக்கிற ஆட்டத்திலேயே இப்படி. நமக்கு இருப்பது ஒரு ரெஃப்ரி, இரண்டு லைன்ஸ்மேன். அதிலும் ஒருவர் "கொடி பிடிக்க யாராவது வாங்கப்பா" என்று கடைசி நேரத்தில் கூப்பிட்டு நிறுத்தப்பட்டவர்.

அந்தக் கூடுதல் ஆளை வைத்துக்கொண்டு கோல் விழுந்தால் இன்னும் சிக்கல். மறுபடி நடுவில் பந்து வைத்துத் தொடங்குவதற்குள் ரெஃப்ரி கண்டுபிடித்தால் கோல் செல்லாது, அந்தக் கூடுதல் ஆள் நின்ற இடத்திலிருந்து எதிரணிக்கு டைரக்ட் ஃப்ரீ கிக். தொடங்கிய பிறகு கண்டுபிடித்தால் கோலை ரத்து செய்ய வழியே இல்லை, ரிப்போர்ட் மட்டும்தான் எழுதலாம். ஊர் ஃபைனலில் இதை விளக்கிவிட்டு பைக்கை எடுத்துக்கொண்டு வெளியே வர முடியுமா, நீங்களே சொல்லுங்கள்.

வெளியே போகிற வழியிலும் தினமும் தகராறு. 2019இலிருந்து, போகிறவர் தனக்குப் பக்கத்தில் இருக்கும் கோட்டைத் தாண்டிப் போக வேண்டும். கேப்டனைக் கட்டிப்பிடித்து, கைதட்டி, நடுக்கோடு வரை நடந்து வருவதற்கு உரிமை கிடையாது. ஜெயித்துக்கொண்டிருக்கும் அணி கடைசி நிமிடத்தில் எதற்கு சப் கேட்கிறது என்று எங்களுக்கும் தெரியும், வேண்டுமென்றே இழுத்தால் மஞ்சள் கார்டு, போன நேரமும் கடைசியில் சேரும். ஆனால் பாதுகாப்புக்காக ரெஃப்ரி வேறு பக்கம் போகச் சொல்லலாம் என்றும் அதே விதியில் இருக்கிறது. நம் ஊரில் கயிற்றுக்கு அந்தப் பக்கம் எதிரணி ஆட்கள் நெருக்கியடித்து நிற்கிறார்கள், அந்த வழியாக ஒரு பையனை நான் அனுப்ப மாட்டேன். நடுக்கோடு வரை வா என்று நானே கூப்பிட்டால், அதற்குக் காரணம் இதுதான்.

கோச்களுக்கு ஒரு வார்த்தை. ஷூ லேஸ் கட்டிக்கொண்டிருக்கிறவனைக் காட்டி சேஞ்ச் கேட்காதீர்கள், தயாராக இல்லாதவரை அனுமதிக்காமல் விட எங்களுக்கு அதிகாரம் உண்டு. கழுத்துச் செயின், கைக் காப்பு எல்லாவற்றையும் பெஞ்சிலேயே கழற்றட்டும், மேலே டேப் ஒட்டினால் போதாது. பெனால்டி வந்ததும் கீப்பர் ஜெர்சியை இன்னொருவனுக்கு மாட்டிவிடும் பழக்கமும் இருக்கிறதே, உள்ளே இருப்பவர்களுக்குள் மாற்றலாம்தான், முன்கூட்டியே எங்களிடம் சொன்னால். சொல்லாமல் மாற்றினால் இருவருக்கும் மஞ்சள்.

குழுக்காரர்களிடம் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. நடுக்கோட்டருகே ஒரு மேசை, அதில் விஷயம் தெரிந்த ஒரு ஆள், அவருக்கும் ஒரு பேட்டா. சப் பெயர்களும் எண்களும் ஆட்டத்துக்கு முன்பே எழுதி அவரிடம் வந்துவிட வேண்டும். ஒரே டீமில் இரண்டு பத்தாம் எண் ஜெர்சி வேண்டவே வேண்டாம். வெளியே போனவர் திரும்ப வரலாமா என்பதை முதலிலேயே கால்பந்துச் சங்கத்திடம் கேட்டு நோட்டீஸில் போடுங்கள், இடைவேளையில் பேசி முடிவு செய்யாதீர்கள். கோப்பையை ஆளுயரத்துக்கு வாங்குகிறீர்கள், அதில் ஒரு சாண் குறைத்தால் இந்தச் செலவு சரியாகிவிடும் என்பது என் கணக்கு.

இது எதுவும் நடக்காவிட்டாலும் விசிலுக்கு முன் நாங்கள் எண்ணத்தான் போகிறோம். அந்தச் சில விநாடி மட்டும் மைக்கில் "ரெஃப்ரி டைம் வேஸ்ட் பண்றார்" என்று அறிவிக்காமல் இருக்கச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் ஊர்ப் போட்டிகளில் விசில் ஊதும் ஒருவன்