திரையை நிரப்பாதீர்கள்: திரையிடல் நடத்தும் நண்பர்களுக்கு ஒரு திறந்த மடல்

ஊர் ஊராகத் திரையிடல்கள் நடத்தும் ஒருங்கிணைப்பாளர்களுக்கு, வணக்கம்.

நூலகக் கூடம், கல்லூரிக் கருத்தரங்க அறை, புத்தகக் கடை மாடி என்று கிடைத்த இடத்தில் திரையைக் கட்டி நல்ல படங்களைக் காட்டுகிறீர்கள். கட்டணம் கிடையாது. தேநீர்ச் செலவும் பெரும்பாலும் உங்கள் பையிலிருந்துதான். அதனாலேயே குறை சொல்ல வாய் வருவதில்லை. ஆனால் எந்தப் படம் போடுவது என்று மாதக்கணக்கில் வாதாடுகிற நீங்கள், அந்தப் படம் திரையில் எப்படி விழுகிறது என்று பார்க்கப் பத்து நிமிடம் கூட ஒதுக்குவதில்லை.

முதலில் அகலம். ‘பராசக்தி’யில் 1952-இல் அறிமுகமானபோது சிவாஜி கணேசன் எவ்வளவு ஒல்லி என்பது நமக்குத் தெரியும். பல திரையிடல்களில் அவர் கன்னம் உப்பி, தோள் விரிந்து, இருபது வருடம் கழித்து நடிக்கப்போகும் ஆளைப் போல வந்து நிற்கிறார். காரணம் எளிது. 1940, 50-களின் தமிழ்ப் படங்கள் ஏறக்குறைய சதுரத்துக்குப் பக்கமான சட்டகத்தில் எடுக்கப்பட்டவை: உயரம் 1 என்றால் அகலம் 1.37. இன்றைய ப்ரொஜெக்டர் காட்டும் அகலம் 1.78. மெனுவில் ‘ஆஸ்பெக்ட்’ என்ற இடத்தில் ‘ஃபுல்’ என்று வைத்துவிட்டால் எல்லா முகமும் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு பக்கவாட்டில் வீங்கும். ‘ஸூம்’ வைத்தால் வீங்காது. அதற்குப் பதில் மேலும் கீழுமாகச் சேர்த்துப் படத்தின் கால்பங்கு போய்விடும். ‘சந்திரலேகா’வின் முரசு நடனத்தில் அந்தக் கால்பங்கு எங்கே போகும் என்று யோசித்துப் பாருங்கள். முரசுகளின் மேல் ஆடுகிறவர்களின் தலைதான் போகும்.

ஏன் இப்படிச் செய்கிறோம் என்பதும் தெரிந்ததுதான். இரண்டு பக்கமும் கறுப்பாக இருந்தால் யாராவது ஒருவர் எழுந்து, “திரை முழுசா வரலையே சார்” என்பார். உடனே ரிமோட்டை எடுத்து நிரப்பிவிடுகிறோம். வேடிக்கை என்னவென்றால், ஸ்கோப் படத்துக்கு, அதாவது மிக அகலமான சினிமாஸ்கோப் சட்டகத்தில் எடுத்த படத்துக்கு, மேலும் கீழும் கறுப்புப் பட்டை வந்தால் யாரும் வாய் திறப்பதில்லை. பக்கவாட்டில் வந்தால் மட்டும் ஏதோ ஏமாற்றிவிட்ட மாதிரி இருக்கிறது. தமிழின் முதல் சினிமாஸ்கோப் படமான ‘ராஜராஜ சோழன்’ 1973-இல்தான் வந்தது. அதற்கு முந்தைய தலைமுறை இயக்குநர்கள் அந்தக் குறுகிய சட்டகத்துக்குள் யோசித்துத்தான் ஆட்களை நிறுத்தினார்கள். பக்கவாட்டுக் கறுப்பு அப்படியே இருக்கட்டும். கேட்பவருக்கு ஒரு வரியில் பதில் சொல்லிவிட்டுப் படத்தைத் தொடங்குங்கள்.

கோப்பே நீட்டப்பட்டு வந்திருந்தால்? இணையத்தில் கிடைக்கும் பழைய படங்களில் இது சாதாரணம். கணினியில் விஎல்சி என்ற வீடியோ மென்பொருளில் ஓட்டுகிறீர்கள் என்றால் ‘ஏ’ விசையைத் தட்டத் தட்ட விகிதம் மாறும். 1.37-க்கு மிக நெருக்கமான 4:3 வந்ததும் நிறுத்துங்கள், முகங்கள் பழையபடி ஆகிவிடும். தலையை வெட்டி அகலத் திரைக்கு மாற்றிய கோப்பு என்றால் எந்த விசையும் உதவாது, வேறு பிரதி தேடத்தான் வேண்டும். ப்ரொஜெக்டர் சரியாக இருக்கிறதா என்று அறிய ஒரு வட்டம் வரைந்த படத்தைப் பென்டிரைவில் வைத்திருங்கள். வட்டம் முட்டையானால் மெனுவில் தவறு.

அடுத்தது வெளிச்சம். அநேக ப்ரொஜெக்டர்கள் ‘டைனமிக்’ அல்லது ‘பிரசென்டேஷன்’ என்ற அமைப்பிலேயே கிடக்கின்றன. கணக்கு வழக்கு அட்டவணையை விளக்கு எரியும் அறையில் காட்ட அது சரி. சினிமாவில் தோலின் நிறம் பச்சை தட்டும், வெள்ளை வேட்டியின் மடிப்பெல்லாம் காணாமல் போகும். ‘சினிமா’ அல்லது ‘மூவி’ அமைப்புக்கு மாற்றுங்கள். மங்கலாகத் தெரிகிறது என்பார்கள். பெரும்பாலும் குற்றவாளி திரைக்கு மேலேயே எரியும் டியூப்லைட். ப்ரொஜெக்டரால் கறுப்பை வீச முடியாது. வெளிச்சம் விழாத இடம்தான் அதற்குக் கறுப்பு. அறை எவ்வளவு இருட்டோ அவ்வளவுதான் படத்தின் இருட்டு.

பெயரை நம்பி ‘பிரைட்னஸ்’ஸைக் கூட்டாதீர்கள். அது முக்கியமாக மாற்றுவது படத்தின் இருண்ட பகுதியை. கூட்டக் கூட்டக் கறுப்பு சாம்பலாகும். அன்றைய படத்திலிருந்தே ஓர் இரவுக் காட்சியை எடுத்து, தலைமுடியும் பின்னாலிருக்கும் இருட்டும் பிரிந்து தெரிகிற இடத்தில் நிறுத்துங்கள். ‘கான்ட்ராஸ்ட்’டுக்கு அந்த வேட்டி மடிப்பே அளவு: மடிப்பு மறையாத வரை கூட்டலாம். இரண்டையும் எவ்வளவு திருகியும் படம் வெளிறியே இருந்தால் ஹெச்டிஎம்ஐ ரேஞ்சைப் பாருங்கள்; லேப்டாப்பிலிருந்து கேபிள் வழியே போகும் வெளிச்ச அளவின் எல்லை அது. வீடியோவில் கறுப்பு 16-இலும் வெள்ளை 235-இலும் இருக்கும். கணினியின் கணக்கு 0 முதல் 255 வரை. லேப்டாப் ஒன்றை அனுப்பி ப்ரொஜெக்டர் மற்றொன்றை எதிர்பார்த்தால், ஒன்று படம் புகை படிந்தது போல இருக்கும், இல்லை நிழலெல்லாம் கரிக்கட்டியாகும்.

கோணலாக விழும் படத்தை நேராக்கும் ‘கீஸ்டோன்’ வசதி பற்றி என் கருத்து கொஞ்சம் கடுமையானது: அந்தப் பொத்தானை மறந்துவிடுங்கள். ப்ரொஜெக்டரை நாற்காலியில் வைத்து, முன்னால் இரண்டு புத்தகம் சொருகி அண்ணாந்து பார்க்க வைத்தால் படம் மேலே விரிந்து கோணலாகும். கீஸ்டோன் அதை நேராக்குவது படத்தைச் சுருக்கித்தான். படத்தை உருவாக்கும் புள்ளிகளில் (பிக்சல்) ஒரு பகுதி வீணாகிறது, கூர்மையும் குறைகிறது. பழைய 1024க்கு 768 ப்ரொஜெக்டரில் வீணாக்க அவ்வளவு புள்ளிகளே கிடையாது. பல ப்ரொஜெக்டர்களில் படம் லென்ஸின் மட்டத்துக்கு மேலேதான் விழும். ஆகவே லென்ஸ் திரையின் கீழ் விளிம்பு உயரத்தில் இருக்கும்படி மேசையை உயர்த்தி, ப்ரொஜெக்டரைச் சாய்க்காமல் வையுங்கள். போதும்.

உங்களிடம் ஒரே ஒரு கோரிக்கை. அழைப்பிதழில் இயக்குநர் பெயர், ஆண்டு, ஓடும் நேரம் எல்லாம் போடுகிறீர்கள். அதே வரியில் படத்தின் சட்டக விகிதத்தையும் அச்சிடுங்கள்: 1.37, 1.85, 2.39, எதுவோ அது. அச்சிட்டுவிட்டால், யாராவது ஒருவர் அரங்குக்குச் சீக்கிரம் வந்து அதைச் சரிபார்த்தே தீர வேண்டியிருக்கும். அடுத்த மாத அழைப்பிதழிலிருந்தே தொடங்கலாம்.

அன்புடன்,
உங்கள் திரையிடல்களுக்குத் தவறாமல் வரும் ஒரு பார்வையாளர்