முறைத் தண்ணீரின் தேதியைச் சொல்லுங்கள்: நீர்வளத்துறைக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய காவிரி டெல்டா பாசனப் பொறியாளர்களுக்கு,

வணக்கம். தண்ணீர் கட்டிய நெல்வயலில் கால் வைத்தால் சேற்றிலிருந்து குமிழி குமிழியாகக் கிளம்பும். அதில் மீத்தேன் இருக்கிறது. காற்றுப் புகாத சேற்றில் தாளும் வேரும் மட்கும்போது நுண்ணுயிர்கள் உண்டாக்கும் வாயு அது. 20 ஆண்டுக் கணக்கில் கரியமில வாயுவைவிடச் சுமார் 80 மடங்கு சூடேற்றக் கூடியது. உலகின் பசுமைக்குடில் வாயுக்களில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு உணவும் உழவும் சார்ந்தது. அதில் மாடு விடும் மீத்தேனைப் பற்றிப் பேசும் அளவுக்கு நெல்லைப் பற்றி நாம் பேசுவதில்லை.

வழி இல்லாமல் இல்லை. வயலைக் கொஞ்சம் காயவிட்டு மறுபடி தண்ணீர் பாய்ச்சும் ‘காய்ச்சலும் பாய்ச்சலும்’தான். துளையிட்ட குழாயை வயலில் பதித்து, அதற்குள் தண்ணீர் மண்மட்டத்துக்கு 15 செ.மீ. கீழே இறங்கியதும் மறுபடி பாய்ச்சினால் போதும். பூக்கும் சமயத்தில் மட்டும் தண்ணீர் நிற்க வேண்டும். ஒழுங்காகச் செய்தால் விளைச்சல் குறையாமலே மீத்தேன் பாதியளவு வரை குறையும்.

அப்புறம் ஏன் எல்லோரும் செய்வதில்லை? விவசாயிக்குத் தெரியாததால் அல்ல. பம்புசெட் வைத்திருப்பவர் துணிந்து காயவிடலாம். வாய்க்காலை மட்டும் நம்பியிருக்கும் கடைமடைக்காரர் எந்தத் தைரியத்தில் விடுவார்? பாசனத்துக்கு மேட்டூர் அணை 2022-இல் மே 24 அன்று திறந்தது, 2024-இல் ஜூலை 28 ஆனது. அணையில் தண்ணீர் இருந்தால்தானே திறக்க முடியும், அது புரிகிறது. ஆனால் திறந்த பிறகும், வாய்க்கால்களுக்கு மாற்றி மாற்றி விடும் முறைத் தண்ணீர் அடுத்து எப்போது வரும் என்று தெரியாவிட்டால், வந்த தண்ணீரை வரப்பு முட்டக் கட்டி வைப்பதுதான் அவருக்குப் புத்திசாலித்தனம். காயவிட்ட வயல் பாளம் பாளமாக வெடித்தால் அந்த நஷ்டத்தை யார் ஏற்பார்கள்?

காயவிட்டால் களை கூடும். யூரியாவை அள்ளிப் போட்டால் நைட்ரஸ் ஆக்சைடு வேறு கிளம்பும். அவற்றை வேளாண்மைத் துறை பார்த்துக்கொள்ளட்டும். உங்களிடம் கேட்பது ஒன்றுதான். முறை வைக்கும் தேதிகளை வாய்க்கால் வாரியாக முன்கூட்டியே அறிவியுங்கள். சொன்ன தேதியில் கடைசி மடைக்கும் தண்ணீர் போகட்டும். மாற்றம் இருந்தால் பயிர் வாடும் முன்பே குறுஞ்செய்தியில் சொல்லுங்கள்.

டெல்டா முழுக்க ஒரே சமயத்தில் முடியாது, சரி. வரும் குறுவையில் மாவட்டத்துக்கு ஒரு கிளை வாய்க்காலிலாவது தொடங்குங்கள்.

இப்படிக்கு,
ஒரு டெல்டா விவசாயி