காலி நாற்காலிக்குக் கெடு வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

மொரிசியஸ் குடியரசுத் தலைவர் பதவி திடீரெனக் காலியானால் அடுத்து யார்? பிரதமர் என்பார் சிலர், சபாநாயகர் என்பார் சிலர். இரண்டுமே தவறு. முதலில் துணைக் குடியரசுத் தலைவர். அவரும் இல்லையென்றால் தலைமை நீதிபதி. அரசியல் சாசனம் சொல்லும் வரிசை இவ்வளவுதான்.

2002 பிப்ரவரியில் அந்த வரிசை கடைசிப் படிவரை போனது. பயங்கரவாதத் தடுப்பு மசோதாவில் கையெழுத்திட மறுத்து, குடியரசுத் தலைவர் காசாம் உத்தீம் 15ஆம் தேதி விலகினார். பொறுப்பேற்ற துணைக் குடியரசுத் தலைவர் அங்கிடி செட்டியாரும் மறுத்து 18ஆம் தேதி விலகினார். ஏன் இருவரும் விலகியே ஆகவேண்டியிருந்தது? ஒரு மசோதாவைக் குடியரசுத் தலைவர் ஒரு முறைதான் நாடாளுமன்றச் சபைக்குத் திருப்பி அனுப்பலாம். சபை மீண்டும் நிறைவேற்றிவிட்டால் ஒப்புதல் தந்தே ஆகவேண்டும். மனம் ஒப்பாதவருக்குப் பதவியைத் துறப்பது ஒன்றே வழி. செட்டியாரின் அந்த முடிவை நம் பிள்ளைகளுக்குச் சொல்லித்தர வேண்டும்.

மசோதாவில் கடைசியில் கையெழுத்திட்டவர் தலைமை நீதிபதி அரிரங்கா பிள்ளை. அவர்மீது குறை சொல்ல முடியாது. சாசனம் அவரை அங்கே நிறுத்தியது. ஆனால் அந்தச் சட்டத்தை எதிர்த்து யாராவது வழக்குப் போட்டிருந்தால், போயிருக்க வேண்டிய இடம் அவரே தலைமை வகித்த உச்ச நீதிமன்றம். இந்தச் சிக்கல் இன்றும் அப்படியே இருக்கிறது.

2018 மார்ச்சில் குழப்பம் வேறுவிதம். அப்போதைய குடியரசுத் தலைவர் அமீனா குரிப்-ஃபக்கிம் விலகுவார் என்று பிரதமர் அறிவித்தார். விலகமாட்டார் என்று குடியரசுத் தலைவரின் ரெடுயி மாளிகையிலிருந்து மறுப்பு வந்தது. பிறகு விலகல் அறிவிப்பு வந்து, 23ஆம் தேதிதான் நடைமுறைக்கு வந்தது. அறிவித்த நாளிலேயே பதவி போய்விட்டதாகப் பலர் நினைத்தார்கள். விலகல் நடைமுறைக்கு வரும் நாள்வரை அதிகாரம் அவரிடமே இருக்கும்.

அதன்பின் துணைக் குடியரசுத் தலைவர் வையாபுரி அவர்கள் பொறுப்புத் தலைவராக இருபது மாதங்கள் நீடித்தார். சபையில் விவாதமின்றி, மொத்த உறுப்பினர்களில் பெரும்பான்மை கிடைத்தாலே புதியவரைத் தேர்ந்தெடுத்துவிடலாம். ஒரே நாள் வேலை. ஆனால் அதற்கான தீர்மானத்தைப் பிரதமர்தான் கொண்டுவர வேண்டும். தென்னாப்பிரிக்காவில் பதவி காலியான 30 நாட்களுக்குள் தேர்தல் நடத்தியாக வேண்டும். அதே கெடுவை நம் சாசனத்திலும் எழுதுங்கள். கெடு தாண்டினால் எந்த உறுப்பினரும் தீர்மானம் கொண்டுவரலாம் என்றும் சேர்க்க வேண்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
ரோஸ்-ஹில்