ஸ்ட்ர்லென் பிழையைப் பிடித்துக் கொடுத்தவர்களுக்கு நன்றி

வணக்கம்.

கோடை வேகமாக்கும் ஓ2 (-O2) நிலையில் கம்பைல் செய்தால் எப்போதாவது மட்டும் கிராஷ் ஆகும் அந்த ஸ்ட்ர்லென் (strlen, ஸ்ட்ரிங்கின் நீளத்தை எண்ணும் ஃபங்ஷன்) பிழை தீர்ந்துவிட்டது. தீர்த்தது நாங்கள்தான் என்று சொல்லிக்கொள்ள வாய் வரவில்லை. முக்கால்வாசி வேலை உங்களுடையது.

தவறு முழுக்க எங்களுடையது. ஸ்ட்ர்லென் அழைப்பை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் 16 பைட்டை ஒரே மூச்சில் படிக்கும் கோடை எங்கள் கம்பைலர் போட்டது. ஸ்ட்ரிங் எந்த முகவரியில் தொடங்குகிறது என்று அது பார்க்கவே இல்லை. 4096 பைட் பேஜில் (மெமரியைப் பிரித்துக் கொடுக்கும் அலகு) 4081 முதல் 4095 வரையிலான 15 ஆஃப்செட்டுகளில் எதில் தொடங்கினாலும் அடுத்த பேஜுக்குள் கால் வைத்துவிடும். அந்தப் பேஜும் மேப் ஆகியிருந்தால் (புரோகிராமுக்கு ஒதுக்கப்பட்டிருந்தால்) ஒன்றும் தெரியாது. இல்லையென்றால் செக்மென்டேஷன் ஃபால்ட், அதாவது அனுமதியில்லாத மெமரியைத் தொட்டதால் வரும் கிராஷ். "இங்கே நன்றாகத்தானே ஓடுகிறது" என்று முதலில் பதில் எழுதினோமே, அதற்கு மன்னிக்கவும்.

வேகமாக்காத ஓ0-வில் வராது, ஓ2-வில் வரும், பில்டின் ஃபங்ஷன்களை (ஸ்ட்ர்லென் போல, அழைப்புக்குப் பதில் கம்பைலரே கோட் போடுபவை) அணைத்தால் ஓ2-விலும் வராது என்று மூன்றே வரியில் இடத்தைக் காட்டியவருக்கு முதல் நன்றி. தவறான மெமரி அணுகலைப் பிடிக்கும் அட்ரஸ் சானிடைசர் இதை ஏன் பிடிக்கவில்லை என்றும் அவர் கேட்டிருந்தார். அது தன் சோதனைகளைச் செருகிய பிறகுதான் இந்த 16 பைட் படிப்பு உள்ளே நுழைகிறது. அதன் கண்ணில் படாது.

அடுத்தவர் செய்ததுதான் எங்களுக்கு மிகவும் பிடித்தது. எம்மேப்பில் அடுத்தடுத்து இரண்டு பேஜ் வாங்கி, இரண்டாவதை எம்ப்ரொடெக்ட்டால் பூட்டி, ஐந்தெழுத்து ஸ்ட்ரிங்கை நல் பைட்டோடு (ஸ்ட்ரிங்கின் முடிவைக் காட்டும் 0) சேர்த்து முதல் பேஜின் கடைசி 6 பைட்டில் வைத்தார். எப்போதோ வந்த கிராஷ் ஒவ்வொரு ரன்னிலும் வந்தது. அதை வைத்து பைசெக்ட் செய்தோம், அதாவது பிழை நுழைந்த கமிட்டைப் பாதி பாதியாகப் பிரித்துத் தேடினோம். ஆயிரம் கமிட் இருந்தாலும் பத்தே சுற்று!

எங்கள் முதல் பேட்ச் முகவரியை 16-இன் மடங்குக்கு இறக்கியது. 4096, 16-ஆல் மீதியின்றி வகுபடுவதால் பேஜ் எல்லை தாண்டாது, சரி. ஆனால் ஸ்ட்ரிங்குக்கு முன்னால் இருக்கும் பைட்டுகளும் கூடவே வருகின்றன. அவற்றில் பக்கத்து ஸ்ட்ரிங்கின் நல் இருந்தால் நீளம் தப்பாகிவிடும். 16 பைட்டையும் நல்லோடு ஒப்பிட்டுக் கிடைத்த பிட் மாஸ்க்கை (நல் இருக்கும் இடத்தில் 1), முகவரியின் கடைசி 4 பிட் சொல்லும் அளவுக்கு வலப்பக்கம் ஷிஃப்ட் செய்த பிறகே முதல் 1-ஐத் தேட வேண்டும். அசெம்பிளியை வரி வரியாகப் படித்து அந்த ஒரு ஷிஃப்ட் விட்டுப்போனதைச் சொன்னவர் இல்லையென்றால், கிராஷைத் துரத்திவிட்டுத் தப்பான விடையைக் குடிவைத்திருப்போம்.

16 பைட்டுக்குள் ஸ்ட்ரிங் தொடங்கக்கூடிய 16 ஆஃப்செட்டுக்கும், முன்னால் நல் பைட் இருக்கும்போதும் இல்லாதபோதும், இப்போது டெஸ்ட் இருக்கிறது. ஸ்டேட்டிக் லைப்ரரிகளையும் விடாமல் மறுபடி பில்ட் செய்துவிடுங்கள். பழைய ஆப்ஜெக்ட் ஃபைலில் பழைய கோட் அப்படியே இருக்கும்.

மாற்றக் குறிப்பில் உங்கள் பெயர்களைச் சேர்க்கப் போகிறோம். வேண்டாம் என்பவர்கள் சொல்லிவிடுங்கள்.

நன்றியுடன்,
கம்பைலர் பராமரிப்புக் குழு