கழற்றிய மூடியைத் திரும்பப் பூட்டுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

தை பிறந்தால் இரணைமடுக் குளத்தின் கீழ் காலபோக நெல் வெட்டுத் தொடங்கிவிடும். அதற்குப் பிறகு இரண்டு மூன்று மாதம் பரந்தன், கிளிநொச்சிப் பக்கத்து அரிசி ஆலைகளுக்கு இரவு பகல் கிடையாது. அந்த ஆலைகளின் மெசின் திருத்துவதுதான் முப்பது வருடத்துக்கு மேலாக என் தொழில். அந்த மெசின்களின் பெல்ட்டையும் சில்லையும் மறைக்கும் மூடியைப் பற்றி, வெட்டு மும்முரத்தில் சொன்னால் யார் காதிலும் ஏறாது என்பதால் இப்போதே எழுதுகிறேன்.

போன வருடம் ஓர் ஆலையில் பத்தொன்பது வயதுத் தம்பி ஒருவனுக்கு இடது கையில் இரண்டு விரல் போனது. ஆலையின் பெயர் வேண்டாம். மோட்டரிலிருந்து மெசினுக்குப் போகும் பெல்ட் வழுக்கியிருக்கிறது. ஓடிக்கொண்டிருந்த பெல்ட்டிலேயே மெழுகு தேய்க்கப் போனான். பெல்ட் கையையும் சேர்த்துச் சில்லுக்குள் இழுத்துவிட்டது. அந்த இடத்தை மறைக்க வேண்டிய இரும்பு மூடி பின்சுவரில் சாத்திக் கிடந்தது. அதன்மேல் உமித்தூசி விரல் கனத்துக்குப் படிந்திருந்தது.

அதைக் கழற்றிச் சாத்தியவன் நான். மூன்று மாதத்துக்கு முன் பேரிங் மாற்றப் போனபோது கழற்றினேன். வேலை முடிய இருட்டிவிட்டது. வாசலில் நெல் லொறி நின்றது. "அண்ணை, ஓடவிடுங்கோ, மூடியைப் பிறகு பூட்டுவம்" என்றார் முதலாளி. நானும் சரி என்று சொல்லி, ஸ்பனரைப் பைக்குள் போட்டுக்கொண்டு வந்துவிட்டேன்.

பொடியன் கவனமில்லாமல் கையை வைத்தான் என்றுதான் எல்லாரும் சொன்னார்கள். என்னால் அப்படிச் சொல்ல முடியவில்லை. ஆலைகளில் நாங்கள் பூட்டும் சாதாரண மோட்டர் நிமிடத்துக்கு 1,440 சுற்று ஓடும். அப்படியென்றால் செக்கனுக்கு 24. கையை எடுக்க வேண்டும் என்று மூளைக்கு எட்டுவதற்குள் சில்லு நாலைந்து தடவை சுற்றிவிடும். பெல்ட் சில்லில் ஏறும் அந்த வாயில் எந்தக் கவனமும் கையைக் காப்பாற்றாது. அங்கே இரும்புதான் நிற்க வேண்டும். இது புதுக்கதையும் இல்லை. ஆபத்தான இயந்திரப் பகுதிகளை மூடிக் காக்க வேண்டும் என்று 1942ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கத் தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டமே சொல்கிறது. வெள்ளைக்காரன் காலத்துச் சட்டம்.

சரி, பிறகு ஏன் மூடி சுவரோரம் கிடக்கிறது? சோம்பல் என்பது பாதிக் காரணம்தான். மீதிப் பாதி மூடி செய்த விதத்தில் இருக்கிறது. முழுத் தகட்டில் செய்து ஆறு போல்ட் போட்டு இறுக்கியிருப்பார்கள். இரண்டு மழைக்காலத்தில் நட் துருப்பிடித்துவிடும். உள்ளே பெல்ட் எப்படி ஓடுகிறது என்று பார்க்கவும் முடியாது. கிழமைக்கு இரண்டு தரம் பெல்ட்டைப் பார்க்க வேண்டியவன் எத்தனை நாளைக்குத்தான் ஆறு நட்டோடு மல்லுக்கட்டுவான்?

அந்தத் தம்பியை ஆஸ்பத்திரியில் பார்த்துவிட்டு வந்த கிழமை, மூடியை வேறு விதமாகச் செய்து பார்த்தேன். கோண இரும்பில் சட்டம். அதில் விரல் நுழையாத சின்னக் கண் வலை. ஒரு பக்கம் பிணைச்சல், மறுபக்கம் கொக்கி. உள்ளே பெல்ட் தெரியும். மோட்டரை நிற்பாட்டிவிட்டு ஒரு கையாலேயே திறக்கலாம், மூடலாம். வெல்டிங் கடையில் அரை நாள் வேலை. இதுவரை ஒன்பது ஆலைகளில் போட்டிருக்கிறேன், எதையும் யாரும் கழற்றி வைக்கவில்லை. பெல்ட் வழுக்கினால் மெழுகு தேவையில்லை, மோட்டர் அடித்தளத்து போல்ட்டை இளக்கி மோட்டரைப் பின்னுக்கு நகர்த்தி இறுக்கினால் போதும். அதையும் அந்த ஒன்பது இடத்திலும் பொடியளுக்குக் காட்டிக் கொடுத்தேன்.

இன்னொன்று மோட்டரை ஓடவிடும் பொத்தான் பெட்டி, அதாவது ஸ்டாட்டர். மின்சாரம் போனால் ஸ்டாட்டர் தானாக விழும். திரும்ப வந்தாலும் ஆள் பொத்தானை அமத்தினால்தான் மோட்டர் ஓடும். உள்ளே கொயில் எரிந்துபோனால் புதுக் கொயில் வாங்காமல், விழாதபடி மரத்துண்டு செருகி ஓட்டும் ஆலைகளைக் கண்டிருக்கிறேன். அப்படிச் செருகினால் மின்சாரம் வந்ததும் மோட்டர் தானாக ஓடும். 2022 பங்குனிக் கடைசியில் நாளுக்கு 13 மணித்தியாலம் மின்வெட்டு இருந்ததே, அந்த நாட்களில் எனக்கு நித்திரை வராது. மின்சாரம் இல்லாத நேரம்தானே என்று, நெல்லை மேலே ஏற்றும் எலிவேட்டருக்குள் அடைபட்ட நெல்லைக் கையால் தோண்டுவார்கள். கை உள்ளே இருக்கும்போது மின்சாரம் வந்தால்? கையை உள்ளே விடுவதற்கு முன் மெயின் சுவிட்சை நிற்பாட்டி, ஃபியூசைக் கழற்றிச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொள்ளுங்கள். தவிடு அள்ளவரும் அம்மாமாரின் சேலைத் தலைப்பும் பின்னலும் சில்லுப் பக்கம் போகாமல் பார்ப்பது ஆலைக்காரரின் பொறுப்பு.

அந்தத் தம்பியின் விரல்களை எடுத்து நேரே ஐஸுக்குள் போட்டுக் கொண்டுபோனார்கள். நல்ல எண்ணம்தான், ஆனால் ஐஸ் நேரே பட்டால் சதை கெட்டுவிடும். ஈரமான சுத்தத் துணியில் சுற்றி, பொலித்தீன் பைக்குள் போட்டுக் கட்டி, அந்தப் பையைத்தான் ஐஸ்மேல் வைக்க வேண்டும். அம்புலன்சுக்கு 1990 என்ற இலக்கத்துக்கு எடுங்கள். காசில்லை. வேலையில் காயப்பட்டவருக்கு நட்டஈடு கிடைக்க 1934ஆம் ஆண்டிலிருந்தே சட்டம் இருக்கிறது. அந்தத் தம்பியின் தாய்க்கு அது தெரியாது. நான் போய்ச் சொல்லவும் இரண்டு மாதம் பிந்திவிட்டது.

இப்போது மூடியைப் பூட்டாமல் எந்த ஆலையையும் ஓடவிட்டுக் கொடுப்பதில்லை. லொறி நின்றாலும் நிற்கட்டும். இதனால் இரண்டு முதலாளிமார் வேறு ஆளைக் கூப்பிடத் தொடங்கிவிட்டார்கள். அந்த வேறு ஆட்களும் என்னைப் போல மெக்கானிக்மார்தான். இந்தக் கடிதம் முக்கியமாக அவர்களுக்கு. வலை மூடியின் அளவும் படமும் என்னிடம் இருக்கின்றன. முல்லைத்தீவு, வவுனியா, மன்னார்ப் பக்கத்திலிருந்து யார் கேட்டாலும் வரைந்து கொடுக்கிறேன், காசு வேண்டாம். வெட்டுக்கு இன்னும் சில கிழமை இருக்கிறது.

இப்படிக்கு,
ஆலை மெக்கானிக் ஒருவர்,
பரந்தன்.